உன் பதக்கத்தில் இருக்கும் சாம்பல்

பாப்பா,

நான் நலம், நீ நலமா என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். நேற்றுத்தான் வீடியோவில் அரை மணி நேரம் பேசினோம். என் தலையில் எண்ணெய் இல்லை என்று நீ திட்டினாய், உன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருக்கிறது என்று நான் திட்டினேன். ஆகையால் நலத்தை விட்டுவிடுகிறேன். இப்போது எழுதப்போவதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு தடவை வாயெடுத்தேன். நான்கு தடவையும் நீ வேறு ஏதோ கேட்டாய், நான் "சரி" என்றேன், பேச்சு முடிந்துவிட்டது. என் வாய்க்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் வராத நேரங்கள் உண்டு என்பது உனக்குத் தெரியும். கைக்கு அந்த வியாதி இல்லை. அதனால் மில்லில் கொடுத்த பழைய டைரியில் எழுதுகிறேன். முடித்ததும் தாள்களைக் கிழித்துக் கூரியரில் போட்டுவிடுவேன். நீ டப்ளினில் விமானம் ஏறுவதற்கு முன்னால் கிடைத்துவிடும் என்று கூரியர் கடைக்காரர் உறுதி சொல்லியிருக்கிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கழுத்தில் கிடக்கும் பதக்கத்தில் இருப்பது உன் அம்மாவின் அஸ்தி இல்லை. நம் வீட்டுப் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மாடத்தில், ஒரு பழைய பால்பவுடர் டப்பா இருக்குமே, வெள்ளிக்கிழமை தோறும் அம்மா குத்துவிளக்குத் துலக்குவதற்காக வைத்திருந்த சாம்பல், அதுதான் அது. இரண்டு வருஷமாக நீ டூட்டிக்குப் போகுமுன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது விளக்குத் துலக்கும் சாம்பலை. அதை அனுப்பியது நான். கைதவறி நடந்ததில்லை, தெரிந்தே அனுப்பினேன். இந்த இடத்தில் நீ தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருந்தால் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வந்து மிச்சத்தையும் படி.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உன் கல்யாணம். மனைவி இல்லாதவன் தாரை வார்க்கக் கூடாது, ஜோடியாக நின்றுதான் பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்பது நம் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த முறை. எனக்கும் தெரியும். உன் சித்தப்பாவும் சித்தியும் செய்யட்டும் என்று நானாகவே ஒதுங்கிக்கொண்டேன். நீதான் விடவில்லை. சித்தப்பா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, போன் திரையில் அந்தப் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினாய். "ஜோடி இல்லன்னு யாரு சொன்னா? அம்மா இந்தா இருக்காங்க. இதத் தாலிக்கொடியிலயே கோத்துக்கிடுதேன். எங்க அப்பாவும் அம்மாவுந்தான் தாரை வார்ப்பாங்க" என்றாய். செத்தவர் சாம்பலைத் தாலியோடு சேர்ப்பதாவது என்று சித்தி முதலில் முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ள சொல்லுததும் ஞாயந்தான் அத்தான்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் "சரி" என்றேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிலும் மகா அயோக்கியன் நான்தான்.

இந்தச் "சரி" எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று உனக்கு நான் சொன்னதில்லை. முப்பத்தோரு வருஷம் பேண்டேஜ் துணி நெய்கிற ஷெட்டில் நின்றவன் நான். தறி அம்புட்டும் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். சூப்பர்வைசர் வந்து நின்று ஏதோ சொல்வார். உதடு அசைவது தெரியும். என்ன சொன்னீர்கள் என்று இன்னொரு தடவை கேட்டால், "ஏலே, காது போச்சா?" என்று பக்கத்துத் தறிக்காரன் வரைக்கும் சிரிப்பான். தலையை ஆட்டிச் "சரி" என்று உதட்டை அசைத்தால் அவர் பாட்டுக்குப் போய்விடுவார். என்ன சொல்லியிருப்பார் என்று பிறகு யோசித்துக் கண்டுபிடித்துச் செய்துகொள்வோம். பத்துக்கு எட்டு தடவை சரியாகவே இருக்கும். ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நான் மட்டும் அதை வேட்டி மடிப்பில் வைத்து வீட்டுக்கும் கொண்டுவந்தேன். வீட்டில் தறி ஓடவில்லை, காதும் அப்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் "சரி" என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு தீர்ந்துவிடுகிற சுகம் இருக்கிறதே, அதை விட மனசில்லை.

உன் அம்மா இதைக் கல்யாணமான மூன்றாம் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். உனக்கு விவரம் தெரிந்தபோது அதற்கு அகராதியே போட்டு வைத்திருந்தாள். "ஒங்க அப்பா ஒரு தடவ 'சரி'ன்னா காதுல விழலன்னு அர்த்தம். 'சரி சரி'ன்னா விழுந்துச்சு, செய்யப் போறதில்லன்னு அர்த்தம்" என்று உனக்கு அவள் சொல்லிக்கொடுத்ததும், நீ அதை உன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது மதுரை நர்சிங் காலேஜுக்கு நிரப்பிய விண்ணப்பத்தை என்னிடம் தந்து, "அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று எழுத வேண்டியதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் என் வண்டிப் பெட்டியில் வேறு எதையோ தேடிய அம்மா கையில் அந்த உறை அகப்பட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் தன்னந்தனியாக மதுரைக்குப் போய், காலேஜைக் கேட்டுக் கேட்டு விசாரித்துக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும்போது ரசீதோடு வந்து நின்றாள். அதற்கு முன் அவள் தனியாகத் திருமங்கலத்தைத் தாண்டியதில்லை. ரசீதை என் முன்னால் வைத்து, "இதப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க. முக்கியமா அந்தச் சொல்லச் சொல்லாதீங்க" என்றாள். உனக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றுதான் இத்தனை வருஷமாக உனக்குத் தெரியும். அவள்தான் அப்படிச் சொல்லச் சொன்னாள்.

சரி, அஸ்தி விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போன அன்று உன் பாஸ்போர்ட் விசா ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தது. நீ வர வழியில்லை. சித்தப்பா மகன் போனைத் தூக்கிப் பிடிக்க, நீ அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தாய். மயானத்தில் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டோடு நான் உட்கார்ந்திருந்தபோது நீ கூப்பிட்டாய். வீடு நிறைய ஆட்கள். பந்தலில் நாற்காலி இழுக்கிற சத்தம், யாரோ அழுகிற சத்தம். அழுதுகொண்டே நீ ஏதோ நீளமாகச் சொன்னாய். கடைசியில் "எனக்காகச் செய்வீங்களாப்பா?" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. "சரிம்மா" என்றேன். உன் அழுகை கொஞ்சம் குறைந்தது, எனக்கும் அது போதுமாக இருந்தது. நீ சொன்னது என்ன என்று நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

மறுநாள் காலையில் காடாற்றிப் பால் தெளித்து, அஸ்தியைக் கலயத்தில் போட்டு மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் அங்கிருந்தே காரில் பாபநாசத்துக்குப் புறப்பட்டோம். நானும் உன் சித்தப்பாவும் மட்டும்தான். புளியங்குடி தாண்டுகிற வரைக்கும் கலயம் என் மடியில் சூடாக இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. ஆற்றில் அன்று நல்ல தண்ணீர். மந்திரம் சொல்கிறவர் சொன்னபடி இடுப்பளவு தண்ணீருக்கு இறங்கி, கிழக்கே பார்த்து நின்று, துணியை அவிழ்த்துக் கலயத்தைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் விட்டேன். விட்டபின் திரும்பிப் பார்க்கக் கூடாது, முங்கிவிட்டு நேரே ஏறிவிட வேண்டும். ஒரு முங்கு முங்கி எழுந்தேன். கரையில் உன் சித்தப்பா என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "அண்ணே, பாப்பா மெசேஜ் போட்டிருக்கா. அம்மா சாம்பல் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னேனே, வச்சிட்டீங்களான்னு கேக்கா" என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். கூடாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல், பாய் அகலத்துக்கு, மெல்ல இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அதற்குள் கைவிட்டு அள்ளினேன். உள்ளங்கையில் தண்ணீர்தான் இருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்து மறுபடி அள்ளினேன். "ஏண்ணே, திரும்பாதீங்கண்ணே! ஆழம்ணே அங்க!" என்று கத்திக்கொண்டே உன் சித்தப்பா பேண்டோடு தண்ணீரில் இறங்கி என் தோளைப் பிடித்து இழுத்தான். நான் அம்மாவின் பின்னாலேயே போகப் பார்த்தேன் என்று இன்றுவரை அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அதை எல்லாரிடமும் சொல்லி, நான் மனைவி மேல் அம்புட்டுப் பாசம் வைத்திருந்தேன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயரும் வாங்கிக் கொடுத்துவிட்டான். கரைக்கு வந்து போனை வாங்கினேன். உன் கேள்வி திரையில் இருந்தது. அங்கே உனக்கு இன்னும் விடிந்திருக்காது. ராத்திரி முழுக்க நீ தூங்கியிருக்க மாட்டாய். இல்லை என்று அடிக்க விரல் வரவில்லை. ஈரக் கையோடு "சரி" என்று அடித்து அனுப்பினேன். எடுத்து வைத்துவிட்டேன் என்று நீ புரிந்துகொண்டாய். நீ அப்படிப் புரிந்துகொள்வாய் என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்து, அஸ்தியைப் பதக்கத்துக்குள் அடைத்துத் தருகிற பெங்களூர்ப் பட்டறை ஒன்றிலிருந்து ஓர் உறை வந்தது. நீ ஏற்பாடு செய்திருந்தாய். அதற்குள் கையகலப் பிளாஸ்டிக் பை, சின்னதாக ஒரு கரண்டி, ஓர் அச்சடித்த தாள். ஒரு தேக்கரண்டி அளவு போதும், ஈரம் இருக்கக் கூடாது, இறந்தவர் பெயரைத் தெளிவாக எழுதவும் என்று போட்டிருந்தது. ஈரம் இருக்கக் கூடாது என்பதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பாப்பா. வெட்கம் கெட்ட சிரிப்பு. மூன்று நாள் அந்த உறையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தினமும் நீ கேட்டாய், அனுப்பியாச்சா, அனுப்பியாச்சா என்று. நாலாம் நாள் பின்கட்டுக்குப் போய் அந்த டப்பாவைத் திறந்தேன். அம்மா தேங்காய் மட்டையையும் சிரட்டையையும் வெந்நீர் அடுப்பில் எரித்து, ஆறியபின் நான் மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவு பேண்டேஜ் துணியில் சலித்து வைப்பாளே, அந்தச் சாம்பல் முகப்பவுடர் போல மெத்தென்று இருந்தது. கரண்டியால் ஒன்று அள்ளிப் பையில் போட்டு, வாயை ஒட்டி, அவள் பெயரை முழுதாக, இனிஷியலோடு, அழகான கையெழுத்தில் எழுதினேன். திருட்டு வேலையில் கையெழுத்து மட்டும் எப்படி அப்படி அமைந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பதக்கம் உன் கைக்கு வந்த அன்று நீ அனுப்பிய படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். பால் வெள்ளைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சுழி, சுற்றிலும் வெள்ளிக் கட்டு. நன்றாகத்தான் செய்திருந்தார்கள். அந்தப் பட்டறைக்காரர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, கொடுத்ததைத்தானே அவர்கள் அடைத்துத் தர முடியும். "அம்மாவோட சாம்பல் கலர்ச் சேலை மாதிரியே இருக்குல்லப்பா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். பிறகு ஒருநாள், உன் வார்டில் ஆள் துணையில்லாத ஒரு கிழவி உயிர் போகிற நேரத்தில் ஒரு கையால் அவள் கையையும், இன்னொரு கையால் பதக்கத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாய். "அம்மா இருந்ததுனாலதான்ப்பா பயமில்லாம இருந்துச்சு" என்றாய். அதற்குப் பிறகு என் மனசுக்குள் ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்தான். அவள் கைபட்ட சாம்பல்தானே, அவள் எரித்துச் சலித்து வைத்ததுதானே, பிள்ளைக்குத் தைரியம் கிடைக்கிறதே, உனக்கு என்ன வந்தது என்று வாதாடுவான். கெட்டிக்கார வக்கீல். இரண்டு வருஷம் ஜெயித்துக்கொண்டே இருந்தான்.

போன வாரம் தாலிக்குச் சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில், அம்மா பிறந்த வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பட்டறை. இப்போது இருக்கும் ஆசாரிக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, கம்ப்யூட்டரில் டிசைன் காட்டுகிறார். தாலிக்கும் குண்டுக்கும் நடுவே இந்தப் பதக்கம் வருகிற மாதிரி வளையம் வைக்க வேண்டும் என்று போனில் உன் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்ன கல்லு அண்ணாச்சி இது? சந்திரகாந்தமா?" என்றார். "கல்லு இல்ல தம்பி. பிள்ளையோட அம்மா" என்றேன். புரிந்ததும் போனிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. தனியா செயின், மோதிரம், என்ன வேணும்னாலும் பண்ணித் தாரேன். தாலியில சேக்க மாட்டேன். நாங்க சாமி கும்புட்டு, தேங்கா ஒடச்சுப் பொன்னுருக்குதது. அதுல கொண்டுபோயி எழவு வீட்டுச் சாம்பல எப்பிடிக் கோக்கது?" என்றார். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. நீ ஆசைப்பட்ட ஒன்று கைநழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில், யோசிக்காமல், "அது எழவு வீட்டுச் சாம்பல் இல்ல தம்பி, வெளக்குத் துலக்குத சாம்பல்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் உள்ளே கிடந்தது, இப்படித்தானா வெளியே வர வேண்டும்! நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாது" என்றேன். ஆர்டர் நோட்டை மூடினார். "அண்ணாச்சி, தாலிய மட்டும் இப்பச் செய்யுதேன். வளையம் வைக்கலாமா வேண்டாமான்னு அந்தப் பிள்ள எங்கிட்டப் பேசட்டும். பொறவு பாத்துக்கிடுவோம்" என்றார். ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

இவ்வளவுதான் என்றால் இந்தக் கடிதம் எனக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. சாம்பல் இல்லை என்று ஆற்றங்கரையிலேயே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், திட்டியிருப்பாய், ஒரு மாதத்தில் மன்னித்தும் இருப்பாய். அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. நீ சொன்னதைக் கேட்காமல் "சரி" என்றேன் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், இன்னொரு "சரி"யையும் சொல்ல வேண்டிவரும் என்ற பயம். அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா போனபோது நீ என்னிடம் நர்ஸாகத்தான் கேட்டாய். "முன்னாடி ஏதாவது வலின்னு சொன்னாங்களாப்பா? எரிச்சல், தோள்ல வலி, அப்படி ஏதாவது?" ஒன்றுமே சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தாள் என்றேன். அது பொய்.

அவள் சொன்னாள். போவதற்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள். "ஏங்க, ரெண்டு நாளா நெஞ்சு கரிக்கி. இடது தோளும் கெடந்து வலிக்கி. நாளைக்கு ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வந்துருவமா?" அப்போது டிவி ஓடவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் இல்லை. தறியை விட்டு நான் ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது, பாப்பா. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மறுநாள் தளவாய்புரத்தில் பழைய கூட்டாளி வீட்டுப் பால்காய்ப்பு. போகாவிட்டால் கோபித்துக்கொள்வான், டாக்டரை அதற்கடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே "சரி சரி" என்றேன். அதற்கு அர்த்தம் என்ன என்று உலகத்திலேயே அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் மறுபடி கேட்கவில்லை. காலையில் என் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். "போயிட்டு வாங்க, எனக்கு இப்பப் பரவால்ல" என்றாள். பால்காய்ப்புக்குப் போய்ச் சாப்பிட்டு வெற்றிலை போட்டுச் சிரித்துப் பேசிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அடுப்படியில் விழுந்தாள். கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அப்பன் புத்திமதி எழுதுவது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி என்ன மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வ. புதுப்பட்டி மாப்பிள்ளை நல்ல பையன், அமைதியானவர், நீ என்ன சொன்னாலும் மறுப்பதில்லை என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். நானும் அமைதியானவன் என்றுதான் பெயர் வாங்கினேன். அவர் மறுக்காமல் தலையாட்டினால் அதோடு விட்டுவிடாதே. நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு என்று கேள். சண்டை வந்தாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டு முடியாது என்று சொல்கிறவனோடு காலம் தள்ளிவிடலாம். உன் அம்மா என் தலையாட்டலைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே விட்டுக்கொடுத்துவிட்டாள். நாமும் அதை வேடிக்கை என்று வைத்துக்கொண்டோம். இன்னொன்று, உனக்கு உடம்பில் ஏதாவது செய்தால் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்காதே. மதுரைக்குத் தனியாகப் போய் உனக்காக விண்ணப்பம் கொடுத்தவள், தனக்காக இந்தத் தெருமுனை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகவில்லை. நான் வருவேன் என்று காத்திருந்தாள்.

பதக்கத்தை என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். அது உன்னுடையது. கழற்றி எறிந்தாலும், பெட்டியில் போட்டாலும், தெரிந்தே கழுத்தில் போட்டுக்கொண்டாலும் உன் இஷ்டம். அவள் கைபட்ட சாம்பல் என்று அந்த வக்கீல் சொன்னதைக்கூட இங்கே எழுதியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. அதை வைத்து உன்னிடம் மன்னிப்புக் கேட்பதாக நினைத்துவிடாதே. உன் அம்மா முழுவதும் ஆற்றோடு போய்விட்டாள், பாப்பா. ஒரு சிட்டிகைகூட இங்கே இல்லை. நீ வந்ததும் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் படித்துறைக்குக் கூட்டிப்போகிறேன். என்னோடு வர மனமில்லை என்றால் சித்தப்பாவோடு போ, அவனுக்கும் இடம் தெரியும்.

அவனிடமும் சித்தியிடமும் நேற்றே சொல்லிவிட்டேன், தாரை வார்க்கப் பட்டு வேட்டியும் சேலையும் எடுத்து வைத்திருங்கள், தேவைப்படலாம் என்று. ஏன் என்று கேட்டார்கள். பாப்பா வந்து சொல்லுவா என்றேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று சொல்லி நீ எனக்கு வாங்கிக்கொடுத்த இடம் அது. அவள் அங்கே இல்லை என்று தெரிந்தபின் உன் கையை இன்னொருவர் கையில் வைத்துத் தண்ணீர் வார்க்க எனக்கு உரிமை இல்லை. என்னோடு பேச வேண்டாம் என்றால் இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணாதே. நான் காத்திருப்பேன். மண்டபத்தில் நான் எங்கே இருக்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்தியில் நின்று பரிமாறச் சொன்னால் பரிமாறுகிறேன். வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன். செருப்பு விடுகிற இடத்தில் நில் என்றாலும் அங்கேயே நிற்கிறேன்.

வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா